மெழுகு ரோடும் மத்தியானத் தண்ணீரும்

அன்புள்ள மகளுக்கு,

இங்கே எல்லோரும் சுகம்தான், உன் அப்பாவின் புத்தியைத் தவிர. நீ வேளைக்குச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கினால் எனக்கு அது போதும். பக்கத்து வீட்டு அக்கா வழுக்கி விழுந்து கையில் கட்டுப் போட்டிருக்கிறாள், வாய்க்கு மட்டும் ஒரு சேதாரமும் இல்லை.

உன் ரோட்டைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். தாரில் மெழுகு உருண்டைகளைக் கலந்து நம் தெருவில் போட வைத்தாயே, வெயிலில் மெழுகு உருகிச் சூட்டை உள்ளே வாங்கி வைத்துக்கொள்ளும், சாயங்காலம் இறுகும்போது விட்டுவிடும், அதனால் ரோடு கொதிக்காது என்று போனில் பாடம் நடத்தினாயே, அதேதான். அது பிரமாதமாக வேலை செய்கிறது என்று ஆபீசில் உன்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்களாம், வெள்ளிக்கிழமை பெரிய அதிகாரிகள் முன்னால் பேசப் போகிறாயாம், பிறகு ஊர் முழுக்க இதையே போடுவார்களாம். பேசு, இதைப் படித்துவிட்டுப் பேசு.

கொஞ்ச நாளாக மத்தியானமானால் மாடித் தொட்டியில் தண்ணீர் இல்லை. பிளம்பரைக் கூப்பிட்டுக் குழாயெல்லாம் பிரித்துப் பார்த்தாயிற்று, ஒழுக்கே இல்லை. ஒழுக்கு உன் அப்பாதான். ரோட்டுச் சூட்டை அளக்க வருகிற தொப்பிக்காரர் வருவதற்கு முன்னால் ஹோஸ் பைப்பை இழுத்துப் போய், அவர் அளக்கிற இடத்தை முழுக்க நனைத்துவிடுகிறார். பிறகு அவரை வாசலிலேயே மடக்கி உள்ளே உட்கார வைத்து டீ உபசாரம். அந்த மகானுபாவரும் ஈரம் காய்கிற வரைக்கும் ஊதி ஊதிக் குடித்துவிட்டுப் போய் அளக்கிறார். அந்த டீயைப் போட்டுக் கொடுத்த மடச்சி நான்.

கேட்டால், "என் பொண்ணு ரோடு தோத்துடக் கூடாதுல்ல" என்கிறார். நியாயத்தைப் பார். இந்த அளவை நம்பி ஊர் முழுக்கப் போட்டு, வெயிலில் தார் இளகிப் பள்ளம் விழுந்தால் யாரைக் காறித் துப்புவார்கள்? இவரையா?

நேற்று நானே கூட நின்று, தண்ணீர் படாத இடத்தில் உன் ரோட்டையும் அடுத்த தெருப் பழைய ரோட்டையும் அளக்க வைத்தேன். உன்னுடையதில் நாலு டிகிரிதான் குறைவு. இதுவரை பதினைந்து என்று எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார்களாம், வெட்கக்கேடு. திருத்தி எழுதினால் வேலை போய்விடும் என்று தொப்பிக்காரர் கையைப் பிசைகிறார். அதனால் நீதான் சொல்லியாக வேண்டும். நாலாக இருந்தாலும் அது உன் ரோடு குறைத்த நாலு. கைதட்டல் கிடைக்காவிட்டால் போகட்டும்.

உனக்கு ஒரு குறையும் வராது, தைரியமாகப் பேசு. பேசி முடித்ததும் அப்பாவுக்குப் போன் செய்து நன்றாகத் திட்டு. ரொம்பத் திட்டிவிடாதே, நேற்றிலிருந்து மனுஷன் சாப்பிடவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா