சுவரை உடைக்காமல்

ராயபுரம்,
பிப்ரவரி 9

அன்புத் தங்கை ஆலிஸுக்கு,

அண்ணன் சைமன் எழுதுவது. நானும் உன் அண்ணி ஹில்டாவும் பெரிய உபாதை ஏதுமின்றி இருக்கிறோம். பெங்களூரில் நீயும் மகன் லூயிஸும் சுகமாயிருக்க ஞாயிறு பூசையில் வேண்டிக்கொண்டேன். போனில் பேசினால் சொல்ல வந்ததில் பாதி எனக்கு நழுவிவிடுகிறது. அதனால்தான் கடிதம்.

சமையலறை வேலை ஒருவழியாக முடிந்தது. சரியாகச் செய்தேனா என்பதை நீதான் பார்த்துச் சொல்ல வேண்டும். ‘என்ன வேணும்னாலும் பண்ணிக்குங்க அண்ணா, சுவரை மட்டும் உடைச்சிடாதீங்க’ என்று நீ சொன்னதை நான் மறக்கவில்லை. அப்பா உயிலில் கீழ்வீட்டை உனக்கும் மாடி அறையை எனக்கும் எழுதிவைத்தார். இத்தனை வருடம் எங்களைக் கீழே இருக்கவிட்டது உன் நல்ல மனம். உன் சுவரில் உளி வைப்பேனா? புதுத் திருகாணிகளைக்கூடப் பழைய ஓட்டைகளிலேயே முடுக்கியிருக்கிறேன். எல்லாவற்றையும் பெயர்த்துப் புதிதாகச் செய்ய என் பென்ஷனும் இடம்கொடுக்காது.

துறைமுக அலுவலகத்தில் வரைபடம் போட்ட பழக்கம், முதலில் அறையை அளந்து காகிதத்தில் வரைந்துகொண்டேன். சுவரில் படிந்திருந்த எண்ணெய்ப் பிசுக்கைச் சலவைச் சோடா கரைத்த வெந்நீரால் துடைத்தெடுத்தேன். அலமாரிக் கதவுகளின் கீல்கள் கடல்காற்றில் துருவேறி, திறக்கும்போதெல்லாம் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தன. கதவுகளைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, பட்டி பூசி, இளம்பச்சை பெயின்ட் அடித்து, துருப்பிடிக்காத கீல்களில் மாட்டினேன். இந்த ஈரக்காற்றில் ஒரு பூச்சு காய்வதற்குள் பொறுமை போய்விடுகிறது. வெடித்த டைல்ஸைப் பெயர்க்கவில்லை. இடுக்குகளைச் சுரண்டி வெள்ளை சிமென்ட் நிரப்பினேன்.

இரண்டு விஷயம் மட்டும் என் சொந்த யோசனை. டியூப்லைட் முதுகுக்குப் பின்னால் இருந்ததால், ஹில்டா இத்தனை காலமும் தன் நிழலிலேயே காய் நறுக்கியிருக்கிறாள். பரணுக்கு அடியில் நீளமான சிறு விளக்கு ஒன்றைப் பொருத்தினேன். அடுத்து, சமையல் மேடை அவளுக்கு உயரம். அதை உடைத்துத் தாழ்த்த முடியாது. ஆகவே அவளை உயர்த்தினேன். அடுப்புக்கு முன்னால் அகலமான மரப்பலகை ஒன்று செய்து போட்டிருக்கிறேன்.

வண்ணாரப்பேட்டை ஹார்டுவேர் கடை கமால் என்னைப் பார்த்தாலே சிரிக்கிறார். ‘இன்னா நைனா, பெயின்ட்டு அடுப்பங்கரைக்கா, கப்பலுக்கா? தெனம் ரெண்டு ஆணி வாங்கினு போறியே, மொத்தமா வாங்கினா வூட்ல சோறு போட மாட்டாங்களா?’ என்கிறார்.

ஹில்டா என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் எதிர்வீட்டுப் பெண் மதியைக் கையைப் பிடித்து இழுத்துவந்து, ‘பாரு, ஓட்டல் கணக்கா கீது. எங்க வூட்டுக்காரரு பண்ணது’ என்றாள். மதிதான் தன் போனில் படங்கள் எடுத்து லூயிஸுக்கு அனுப்பினாள். எந்த மூலையில் நின்று எடுத்தால் அறை பெரிதாகத் தெரியும் என்று நான் சொல்லிக்கொடுத்தேன்.

படங்களைப் பார்த்து நீ ஒரு வார்த்தை சொன்னால் ஹில்டா மகிழ்வாள். நானும்தான்.

உன் அண்ணன்,
சைமன்

•

ராயபுரம்,
மார்ச் 3

அன்புத் தங்கைக்கு,

உன் சுகத்துக்காக வேண்டிக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தை எழுதி எழுதிக் கிழித்தேன். இதிலும் பிழையிருந்தால் பொறுத்துக்கொள்.

மதியின் போனுக்கு நீ அனுப்பிய குரல் பதிவைக் கேட்டோம். ‘அண்ணா, நம்ம வீடா இது! எவ்ளோ அழகா பண்ணிட்டீங்க! இந்த கிச்சனைப் பார்த்தா நல்ல குடித்தனம் வரும்னு லூயிஸ் சொல்றான். நீங்க ரெண்டு பேருதானே, உங்களுக்கு மாடி போதுமே’ என்று பேசியிருந்தாய். எனக்குத்தான் சரியாக விளங்கவில்லையோ என்று மறுபடி போடச் சொன்னேன். மதி தரையைப் பார்த்துக்கொண்டே போட்டாள்.

சனிக்கிழமை தரகர் ஒரு அம்மாளை அழைத்துவந்தார். லூயிஸ் அனுப்பினானாம். அந்த அம்மாள் நல்ல உயரம். உள்ளே வந்து அலமாரிகளைத் திறந்து திறந்து மூடினார். ‘பெயின்ட் உரியாதா?’ என்று கேட்டார். நான் உப்புத்தாள் போட்டதிலிருந்து தொடங்கி விவரமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டவர்களுக்குச் சொல்லிவிடுவது என் சுபாவம். ‘இந்தப் பலகைய எடுத்துடுங்க சார், கால் தடுக்குது’ என்றார். பிறகு, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஹில்டாவிடம், ‘இங்க சமையலுக்கு இருக்கீங்களாக்கா? நாங்க வந்தப்புறமும் வருவீங்களா?’ என்று கேட்டார்.

அந்த அம்மாள் மேல் தவறில்லை. ஹில்டா பழைய நைட்டியில் இருந்தாள். இவர் என் மனைவி என்று நான் சொல்லியிருக்க வேண்டும். நான் வாயெடுப்பதற்குள் ஹில்டாவே பதில் சொல்லிவிட்டாள். ‘வரேம்மா. தோ நிக்கிறாரே வாட்ச்மேன், அவுரையும் சேத்து வெச்சுக்கோ. சம்பளமே கேக்க மாட்டாரு.’ தரகர் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

அவர்கள் போனதும் ஹில்டா திருப்புளியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். ‘நீங்க மாட்டினத நீங்களே கழட்டுங்க. உள்ள கீற கலீஜெல்லாம் வெளிய வரட்டும். அப்பால எவ வரான்னு பாக்கறேன்’ என்றாள். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆலிஸ். இந்த அறை கருப்படித்துக் கிடந்தவரை இந்த வீட்டை ஒருவரும் கேட்கவில்லை. அந்தப் பிசுக்குதான் எங்களைக் காப்பாற்றிவந்திருக்கிறது. அதை என் கையாலேயே துடைத்துவிட்டேன்.

ஒரு கதவைக் கழற்றினேன். உன் சொத்தாயிற்றே என்று தோன்றியது. திரும்ப மாட்டிவிட்டேன். ‘இன்னா மனுசன்யா நீ’ என்று சொல்லிவிட்டு அவள் வாசலில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அன்றிலிருந்து அவள் அடுப்பு பற்றவைக்கவில்லை. தெருமுனைக் கடையில் இட்லி வாங்கிவரச் சொல்கிறாள். ‘யார் வூட்டு அடுப்பையோ நான் இன்னாத்துக்கு அழுக்காக்கணும்?’ என்கிறாள். சாப்பிட்ட தட்டைக்கூட வெளிக் குழாயில்தான் கழுவுகிறாள்.

மாடி அறையையும் அளந்து வரைந்து பார்த்தேன். குறை சொல்லும் முன் முயன்று பார்க்க வேண்டும் அல்லவா? ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் ஒரு மூலையில் அடுப்பு, எதிர்ப்பக்கம் கட்டில், சுவரோரம் பாத்திரங்கள். எல்லாம் அடங்குகிறது. ஹில்டாவின் முழங்கால் வலிதான் அடங்கவில்லை. வெளிப்பக்கத்து இரும்புப் படியை நீ மறந்திருக்கலாம். உப்புக்காற்றில் அரித்துப்போய், கைப்பிடி ஆடுகிறது. மதியும் நானுமாகத் தாங்கிப் பிடித்து அவளை ஏற்றிவிடலாம். அதன்பிறகு கோயிலுக்கும் வரமாட்டாள், மார்க்கெட்டுக்கும் வரமாட்டாள், மதி வீட்டு வாசலுக்கும் வரமாட்டாள். இறங்குவது ஒரே ஒருமுறையாகத்தான் இருக்கும். அப்போது இறக்குவதற்கு நாலு பேர் வந்துவிடுவார்கள்.

உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. வீடு உன்னுடையது. லூயிஸுக்கும் அவனுடைய திட்டங்கள் இருக்கும். நீ சிறுமியாக இருந்தபோது கேட்ட எதற்கும் நான் இல்லையென்று சொன்னதில்லை. அலுவலகத்திலும் சொன்னதில்லை, தெருவிலும் சொன்னதில்லை. அதை நல்ல குணம் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் குணத்துக்கு வீட்டில் யார் விலை கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பது சனிக்கிழமைதான் கண்ணில் பட்டது.

கீழ்வீடு எங்களுக்கு வேண்டும், ஆலிஸ். ஹில்டா இருக்கும்வரையாவது வேண்டும். இந்த ஒரு வரியை எழுதத்தான் இத்தனை பக்கம் ஆகிவிட்டது.

ஆண்டவர் உன்னையும் உன் பிள்ளையையும் காக்கட்டும். இதைக் கூரியரில் போடுகிறேன். நாளை சேர்த்துவிடுவதாகச் சொல்கிறார்கள். வெள்ளிக்கிழமை தரகர் சாவி வாங்க வருகிறார். தரமாட்டேன் என்று சொல்லிப் பார்க்கிறேன். என்னைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே. அதற்குள் நீ ஒரு வார்த்தை சொல்லிவிடு, அம்மா.

உன் அண்ணன்,
சைமன்