எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு

2008 ஆகஸ்ட், புதன்கிழமை இரவு

காலையில் கம்பெனிக்குள் நுழைந்ததுமே எல்லோரும் எனக்கு நன்றி சொன்னார்கள். மதியம் அத்தனை பேருக்கும் என் செலவில் பிரியாணி என்று என் மெயிலிலிருந்தே தகவல் போயிருந்தது. அனுப்பியது பக்கத்து மேசை செந்தில்.

"உங்க பாப்பா பேரைப் போட்டேனுங்கக்கா, உடனே தொறந்துருச்சு" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். பிறகுதான் விஷயம் உறைத்தது. சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர்களுக்குச் சொன்ன விலையெல்லாம் அந்த மெயிலில்தான் இருக்கிறது. என் பேங்க் கணக்குக்கும் பாஸ்வேர்டு பாப்பா பெயர்தான்.

கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் ரபீக்கிடம் ஓடினேன். பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கும் ஒரு சாஃப்ட்வேரைப் போட்டுக் கொடுத்தார். "இதைத் தொறக்கற ஒண்ணை மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க, மத்ததை இதுவே பாத்துக்கும். பேரு வேண்டாமுங்க, நீளமா ஒரு வாக்கியமா வைங்க" என்றார். மதியத்துக்குள் எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன்.

பிரியாணியும் வாங்கித்தான் கொடுத்தேன். சாப்பிட்ட கையோடு செந்தில் மறுபடி முயன்றான். என் வீட்டுக்காரர் பெயர், மாமியார் பெயர், பிறந்த ஊர் வெள்ளகோவில், எதற்கும் திறக்கவில்லை.

"அப்படி என்னதானுங்கக்கா வெச்சிருக்கீங்க?" என்று கெஞ்சினான். அவனைத் திட்டி வைத்த வாக்கியத்தை அவனிடமே எப்படிச் சொல்வது? இப்போது டைரியில் இதை எழுதும்போதே சத்தமாகச் சிரித்துவிட்டேன். இவர் புரண்டு படுத்து என்னவென்று கேட்கிறார்.