கனடா மாப்பிள்ளை

கோல்டிங்
9.3.2025

அன்பு மகள் சாரங்காவுக்கு,

நானும் அம்மாவும் சுகம். நீயும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் சுகமென்று நம்பி எழுதுகிறேன். போனில் தமிழில் கேட்டால் நீ டெனிஷில் பதில் சொல்கிறாய். கடிதமென்றால் தமிழில்தான் எழுதியாக வேண்டும். அதற்காகவே இந்தக் காலத்தில் முத்திரை தேடி அலைகிறேன்.

உன் வீட்டுக்காரருடைய அணி ஆனியில் ஒடென்சேக்கு விளையாட வருகிறதாம், அம்மா சொன்னா. உன் கலியாணத்துக்கு நான் கனடா வரவில்லை. இரண்டு வருடமாகிறது, அதை இப்போது கதைக்க வேண்டாம். ஒடென்சே இங்கிருந்து ஒரு மணித்தியால ஓட்டம். போகாமல் இருக்க எனக்கு ஒரு சாட்டும் கிடைக்கவில்லை.

யூரியூப்பில் அந்த லக்ரோஸ் விளையாட்டைப் பார்த்தேன். வலை கட்டிய தடியில் பந்தை ஏந்திக்கொண்டு ஒருவன் ஓடுகிறான், மற்றவன் தன் தடியால் அவனுக்கு அடிக்கிறான், நடுவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார். முப்பத்தாறு வயதில் இது தேவையா? அவரைப் பற்றி விபரமாக எழுது.

அன்புடன்,
அப்பா

*

அக்வெசாஸ்னே
30.3.2025

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். என் வீட்டுக்காரருக்கு ஒரு பெயர் இருக்கிறது. டேரில். இரண்டு வருடமாக நீங்கள் அதை ஒருமுறைகூட எழுதவில்லை.

டேரில் ஒரு மோஹாக். அவர் பிறந்த அன்று தகப்பன் தொட்டிலில் ஒரு சின்ன லக்ரோஸ் தடியை வைத்தாராம். பதினேழு வயதில் பெரியவர்களோடு விளையாடத் தொடங்கினார். பிறகு தொழில்முறை லீக்கில் பதினைந்து வருடம், அதில் ஐந்து வருடம் கப்டன். பெயர்தான் பெரிது, சம்பளம் வார இறுதிக்குத்தான். திங்கள் முதல் வெள்ளி வரை உயரமான கட்டிடங்களில் இரும்பு பூட்டும் வேலை.

முப்பது வயதில் முழங்காலில் சவ்வு கிழிந்தது. அணி அவரை வெட்டிவிட்டது. அப்போதுதான் நான் பிசியோவாக இருந்த இடத்துக்கு வந்தார். பதினொரு மாதத்தில் ஒரு நாளும் தவறவில்லை. நோகுதென்று சொல்லமாட்டார். நான் முழங்காலை அழுத்தும்போது அவர் முணுமுணுக்கிற பாட்டு மட்டும் கொஞ்சம் சத்தமாக வரும். அடுத்த வருடம் இன்னொரு அணிக்கு இறங்கி, வெட்டிவிட்டவர்களையே ஒரு கோலும் போடவிடாமல் மறித்தார். அவர் கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிற ஆள், அப்பா. கோல் அடித்தவரின் பெயர் பேப்பரில் வரும், தடுத்தவரின் பெயர் வராது. அதனால்தான் நான் எழுதுகிறேன்.

ஒடென்சேதான் கடைசி. இது லீக் அணி இல்லை, தன் மக்களின் பெயரில் விளையாடுகிறார். அதுதான் அவருக்குப் பெரிது. எனக்கு அப்போது எட்டாம் மாதம், விமானம் ஏற முடியாது. குடும்பத்தில் ஒருவராவது அங்கே நிற்க வேண்டும், அப்பா. நான் கேட்பது அவ்வளவுதான்.

உங்கள்
சாரங்கா

*

கோல்டிங்
8.6.2025

அன்பு மகளுக்கு,

நீ ஒருவர் போதும் என்றாய். நாங்கள் நாற்பத்திமூன்று பேர் போகிறோம். பஸ் பிடித்தாயிற்று.

உன் கலியாணக் கதை வந்தாலே எழும்பிப் போகிற நான், போன கிழமை தமிழ்ச் சங்கக் கூட்டத்தில் எழும்பிக் கதைத்தேன். இராசரத்தினம் பத்து வருடமாகத் தன் கனடா மாப்பிள்ளையைப் பற்றி அளந்துகொண்டிருந்தவர். எங்களுக்கும் ஒரு கனடா மாப்பிள்ளை இருக்கிறார், கப்டனாக இருந்தவர் என்று சொன்னேன். மோஹாக் என்றால் என்ன என்று கேட்டார்கள். ஊரிலே எங்களுடைய விளையாட்டுக் கழகங்கள் போல அதுவும் ஒரு கழகம் என்று விளங்கப்படுத்தினேன்.

இருநூறு கனடாக் கொடிகள் எடுப்பித்திருக்கிறேன். போனில் உனக்குச் சொல்ல வேண்டாமென்று அம்மாவுக்கும் கட்டளை. இந்தக் கடிதம் உன் கைக்கு வருமுன் ஆட்டம் முடிந்துவிடும். நேரலையில் பார்த்து நீ திகைக்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா

*

அக்வெசாஸ்னே
14.6.2025

அப்பா,

இன்றைய ஆட்டத்தை நேரலையில் பார்த்தேன். டேரிலின் அணி விளையாடியது கனடாவுக்கு எதிராக. அவர் பந்தைத் தடுக்கிற ஒவ்வொரு முறையும் நாற்பது தமிழர் எதிரணியின் கொடியை ஆட்டிக் கத்துகிறார்கள். முன்வரிசையில் நீங்கள்.

டேரில் கனேடியன் இல்லை. மோஹாக் என்பது வெள்ளையர் வருமுன்பே இந்த மண்ணில் வாழ்ந்த ஆதிக்குடி. அவர்களுக்குத் தங்கள் கொடி இருக்கிறது, தங்கள் கடவுச்சீட்டு இருக்கிறது. அவருக்கு இருபத்தொரு வயதாக இருந்தபோது ஒரு நாடு அந்தக் கடவுச்சீட்டை ஏற்கவில்லை. வேறு கடவுச்சீட்டில் வரலாம் என்றார்கள். முழு அணியும் விளையாடாமலே திரும்பி வந்தது.

உங்கள் ஐம்பதாவது பிறந்தநாள் ஞாபகம் இருக்கிறதா? டென்மார்க்கில் எல்லாருக்கும் கேக்கில் கொடி குத்துவதுபோல, தொழிற்சாலையில் உங்கள் கேக்கிலும் குத்தினார்கள். நீங்கள் தப்பி ஓடிவந்த இலங்கை அரசின் சிங்கக் கொடி. ஒரு துண்டும் தின்னாமல் வீட்டுக்கு வந்தீர்கள். "அவையள் நல்ல மனசோடைதான் செய்தவை. அதுதான் கூட நோகுது" என்று அம்மாவிடம் சொன்னீர்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். இன்று எனக்கும் அப்படித்தான் இருக்கிறது.

சாரங்கா

*

கோல்டிங்
17.6.2025

அன்பு மகளுக்கு,

நீ ஏசி எழுதிய கடிதம் வழியில் இருக்குமென்று தெரியும். வரட்டும். அதற்கு முன் நடந்ததை எழுதிவிடுகிறேன்.

சனிக்கிழமை இடைவேளையில், பஸ் ஓட்டி வந்த ரொஷான் என் காதுக்குள் வந்து, "அங்கிள், சிவப்புச் சட்டைதான் கனடா. உங்கடை மருமகன் மற்றப் பக்கம்" என்றான். எனக்கு என் ஐம்பதாவது பிறந்தநாள் கேக்கில் குத்திய சிங்கக் கொடிதான் நினைவில் வந்தது. எல்லாக் கொடிகளையும் வாங்கிப் பைக்குள் போட்டேன். அன்று ஒரு கோலால் தோற்றார்கள்.

முடிந்ததும் வேலியடிக்குப் போய், எனக்குத் தெரிந்த இங்கிலிசில் மன்னிப்புக் கேட்டேன். கேக் கதையையும் சொன்னேன். மருமகன் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டுக் கடைசிவரை கேட்டார். பிறகு, "நானென்றாலும் அந்தக் கேக்கைத் தொட்டிருக்கமாட்டேன்" என்றார். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். எனக்கு அழுகையும் வந்தது, மறைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து, அவர்களுடைய கொடியின் கத்தரிப்பூ நிறத்தில் துணி தேடினேன். அம்மா அலுமாரியைத் திறந்து மடிப்புக் கலையாத பட்டுச்சேலை ஒன்றை எடுத்து வைத்தா. உன் கலியாணத்துக்கு உடுக்க வாங்கியது. என் பிடிவாதத்தால் அப்படியே கிடந்தது. "இப்பவாவது விரியுங்கோ" என்றா. போனில் படத்தைப் பார்த்து, வெள்ளைத் துணியில் நாலு கட்டமும் நடுவில் ஒரு மரமும் வெட்டித் தைத்தா.

ஞாயிற்றுக்கிழமை கனடாவோடு மறு ஆட்டம். அந்தச் சேலையை வேலி நீளத்துக்குக் கட்டினோம். மருமகன் அதைப் பார்த்துவிட்டுத் தடியை நெற்றிக்கு உயர்த்தினார். கடைசி நிமிடத்தில் நொண்டிக்கொண்டே பாய்ந்து, கோலாக வேண்டிய பந்தை மறித்தார். ஒரு கோலால் வென்றோம். இராசரத்தினம் பஸ் முழுக்கக் கேட்கச் சொன்னார்: "கனடா மாப்பிள்ளை ஆருக்கும் கிடைப்பான். கனடாவை எதிர்த்து விளையாடுற மாப்பிள்ளை ஆருக்குக் கிடைப்பான்?"

பேப்பரில் தேடினேன், பெயர் வரவில்லை. அதனால் நானும் எழுதுகிறேன்: டேரில், மோஹாக், என் மருமகன்.

பிள்ளையின் முதல் பிறந்தநாள் கேக்கில் என்ன கொடி குத்துவதென்று இருவருமாக யோசித்து எழுதுங்கள். கேட்காமல் இனி நான் ஒரு கொடியும் வாங்கமாட்டேன்.

சேலை மருமகனின் பெட்டியில் வருகிறது. தைத்ததைப் பிரித்துத் தரட்டுமா என்று அம்மா அவரிடம் கேட்டா. வேண்டாம், சாரங்கா இப்படியே உடுக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

இப்படிக்கு,
உன் கலியாணத்துக்கு இரண்டு வருடம் பிந்தி வந்த
அப்பா தவராஜா