மேற்கிலிருந்து வந்த அம்மோனியா

பங்குனி 3, செவ்வாய்

காற்றில் அம்மோனியா அளக்கும் எங்கள் மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகக் கருவி இன்று வழக்கத்தைவிட மிகவும் கூடுதலாகக் காட்டியது. துறைமுகத்து உரக்கிடங்குதான் காரணம் என்று எழுதச் சொன்னார் மேலதிகாரி. காற்றோ மேற்கே, ஆற்றுப்பாசன வயல்கள் பக்கமிருந்து வீசியது. நெல்தாள் எரியும் புகையிலும் அம்மோனியா உண்டு. ஊரிலிருக்கும் அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"அண்ணே, வயல்ல தீ வச்சியளா?"

"ஆமாளா. ஊரே அறுத்த தாளை எரிக்குது. அடுத்த நடவுக்கு நாள் இல்லல்லா. ஏன் கேக்க?"

"சும்மாதான்."

போனை வைத்துவிட்டு, காரணம் என்ற இடத்தில் 'வயல் தீ' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். கிடங்கு என்று பொய் எழுத மனம் வரவில்லை. நாளை விசாரித்து அபராதம் போட ஊருக்கு ஆட்கள் போவார்கள். சாலையோரம் முதலில் கண்ணில் படுவது அண்ணன் வயல்தான். அவரிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். சாப்பிட்ட பிறகு மூன்று முறை அவர் எண்ணை எடுத்தேன். அழுத்தவில்லை.