சித்திரையில் நனைந்த வண்டி

சம்பந்தியம்மா,

பேத்தியின் ரிமோட் வண்டியை நேற்று என் பிள்ளை பிரித்தான். சுவிட்சு ஆடுகிறதாம். நான்கு திருகாணியைக் கழற்றி மூடியைத் தூக்கியதும் முதலில் வந்தது உங்கள் வாசனை. மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றுகிறவர்கள் கையைவிட்டு எத்தனை சோப்புப் போட்டாலும் போகாதே, அந்த வார்னிஷ் வாசனை. நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இன்னும் அந்த வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறீர்கள். எனக்குக் கோபம்தான் வந்தது.

அந்த வாசனைக்காகத்தானே உங்கள் மகளைப் பெண் பார்க்க வந்த அன்று நான் காபியைத் தொடவில்லை. நகக்கண்ணெல்லாம் கறுப்பாக டம்ளரை நீட்டினீர்கள். "எங்க ஊட்ல கொஞ்சம் சுத்தபத்தமா இருப்போம்" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். அந்தக் காபியை நீங்களே குடித்துவிட்டு, "ஆறிப்போனா வீணாயிடும்" என்றீர்கள். நமக்குள் ஒத்துவராது என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது.

பிறகுதான் இந்த வண்டி வந்தது. இரும்பு உருக்கும் கம்பெனிகளுக்கு வெளிநாட்டிலிருந்து இறங்கும் பழைய இரும்போடு வந்ததாம். உங்கள் ஊர் புதுவாயல் காயலாங்கடையில் நான்தான் கண்டெடுத்தேன். உடம்பு சிறுத்து, சக்கரம் மட்டும் ஒவ்வொன்றும் சின்னப் பூசணிக்காய் அளவு. பேத்தியின் நாலாவது பிறந்தநாளுக்கு ஓடும் என்று தெருவெல்லாம் சொல்லிவைத்தேன். ஓடவில்லை. ரிமோட்டை அழுத்தினால் உறுமும், அவ்வளவுதான். உங்கள் மகள் மெதுவாக, "எங்கம்மாகிட்ட குடுத்துப் பாருங்களேன் அத்தை" என்றாள். வேறு வழி? பையில் வண்டியைப் போட்டு, மேலே முருங்கைக்கீரையை வைத்து மறைத்துக்கொண்டு உங்கள் ரீவைண்டிங் கடை வாசலில் வந்து நின்றேன்.

"இன்னா சம்பந்தி, கீர விக்க வந்துட்டீங்களா?" என்றீர்கள்.

மோட்டார் எரிந்துபோயிருந்தது. தையல் நூல் மாதிரி கம்பியை எடுத்து, உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே சுற்ற ஆரம்பித்தீர்கள். பேசாமல் உட்கார எனக்கு வராது. எளாவூர் செக்போஸ்ட்டில் பஸ் மாட்டிக்கொண்ட கதையைச் சொன்னேன். எண்ணிக்கை தப்பியது. அவிழ்த்தீர்கள். மறுபடி சுற்றினீர்கள், மறுபடி நான் பேசினேன். மூன்றாவது தடவை, "சம்பந்தி, வாயில ஒரு துணிய வச்சிக்கினு ஒக்காருங்க, புண்ணியமாப் போவும்" என்றீர்கள். என்னை அப்படி யாரும் சொன்னதில்லை. வண்டிக்காகப் பொறுத்துக்கொண்டேன்.

வண்டி ஓடியது. செங்கல் மேல் ஏறி இறங்கியது. தெருவே நின்று பார்த்தது. நீங்கள் ஒன்றே ஒன்றுதான் சொல்லியனுப்பினீர்கள்: "தண்ணி மட்டும் காட்டாதீங்க. துணியால தொடச்சாப் போதும்."

துடைத்தால் சேறு போகுமா? சாணியில் ஏறி வந்த சக்கரம் அப்படியே என் வீட்டுக்குள் வருமா? குழாயடியில் வைத்து, தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் குளிப்பாட்டினேன். பத்தே நாளில் நின்றுவிட்டது. கொண்டுவந்தேன். நீங்கள் பிரித்ததும் உள்ளேயிருந்து தண்ணீர் சொட்டியது.

"எப்பிடி நனஞ்சிச்சி?"

"மழை" என்றேன். சித்திரை மாதம்.

வெளியே வெயிலைப் பார்த்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள். "சரி, மழ" என்றீர்கள்.

அப்புறம் எத்தனை மழை! ஒருமுறை பேரிங் துருப்பிடித்துக் கத்தியது. இன்னொரு முறை ரிமோட்டைத் தொடாமலே வண்டி தானாகக் கிளம்பிக் கட்டில் காலில் மோதிக்கொண்டே இருந்தது. பேய்தான் என்று எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டேன். ஒவ்வொரு தடவையும் பிரித்து, காயவைத்து, கிரீஸ் தடவி, "மழையா சம்பந்தி?" என்று கேட்டுத் தருவீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு தடவை வாய்விட்டுத் திட்டியிருக்கலாமே! உங்களைச் சுத்தமில்லை என்று சொன்ன வாயால், என் சுத்தம்தான் வண்டியைக் கெடுத்தது என்று எப்படிச் சொல்வேன்? "எரிஞ்சா சுத்துவேன். ஏன் எரிஞ்சிச்சின்னு கேக்க நான் இன்னா போலீஸா?" என்று ஒருநாள் நீங்களாகச் சொன்னதும் எனக்குக் குத்தலாகத்தான் பட்டது.

கடைசியாக, மூச்சு வாங்கிக்கொண்டே வண்டியை என் கையில் கொடுத்தீர்கள். "இனிமே மழ பேஞ்சாலும் ஒண்ணும் ஆவாது சம்பந்தி." கிண்டல் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டு பஸ் ஏறினேன். அடுத்த மாதம் நீங்கள் இல்லை. அதன்பின் வண்டி ஒருநாளும் நிற்கவில்லை. வாராவாரம் கழுவினேன், ஓடிக்கொண்டே இருந்தது. என் கைராசி என்று நினைத்திருந்தேன்.

நேற்றுப் பார்த்தால், ரிமோட் சொல்வதைக் கேட்டு வண்டியை நடத்தும் அந்தச் சின்ன சர்க்யூட் அட்டை ஒரு ரோஸ் பலூனுக்குள் இருக்கிறது. பலூன் வாயைக் காயில் கட்டும் நூலால் இறுக்கி, மேலே வார்னிஷ் பூசியிருக்கிறீர்கள்.

"ஏதுடி இந்த பலூன்?" என்றேன் பேத்தியிடம்.

"என் பர்த்டே பலூன். புதுவாயல் ஆயா கேட்டுச்சி. நீ வண்டிய குளிப்பாட்டறத நான்தான் சொல்லிட்டேன். உங்க பாட்டி கழுவாம இருக்க மாட்டாங்க, நாமதான் வண்டிக்கு ரெயின்கோட் போடணும்னுச்சி. உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னுச்சி."

பிள்ளை சிரித்தான். உங்கள் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். எனக்குத்தான் எங்கே போவதென்று தெரியவில்லை.

அஞ்சாவதோடு நின்ற படிப்பு, எழுத்து கோணலாகத்தான் வரும். மன்னிப்பு என்று எழுதிப் பழக்கமும் இல்லை. இன்று காலை வண்டியைக் குழாயடியில் வைத்துக் கழுவினேன். தண்ணீர் சொட்டச் சொட்ட ஓடியது. "தண்ணி பட்டா கெட்டுடாதா?" என்றாள் எதிர்வீட்டுக்காரி. "கெடாது, எங்க சம்பந்தி கை பட்டது" என்றேன். பலூனைத் தொட்ட என் கையில் வார்னிஷ் வாசனை இருக்கிறது. அதை மட்டும் சோப்புப் போட்டுக் கழுவவில்லை.

அது மழை இல்லை சம்பந்தி. நான்தான்.