ஆறு நிமிட நடை

அரூர்,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? போனில் எவ்வளவு கத்தினாலும் உங்களுக்குப் பாதிதான் கேட்கிறது, அதனால் எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன்.

ஐசியூவில் கிடந்து பிழைத்தவர்கள் ஒரு வருடம் கழித்து எப்படி இருக்கிறார்கள் என்று வீடு வீடாகப் போய்ப் பார்ப்பதுதான் இப்போது என் வேலை. நேற்று சித்தேரி மலையில் சென்றாயன் என்ற விவசாயியை ஆறு நிமிடம் நடக்கச் சொன்னேன். கூட யாரும் நடக்கக் கூடாது, பேச்சுக் கொடுக்கக் கூடாது என்பது இந்தச் சோதனையின் விதி. அவர் நாலு அடி வைப்பதற்குள் தெருவே கூட நடந்தது. நான் தடுத்தேன். அவர் மனைவி கோவிந்தம்மாள் விடவில்லை.

“இருவது நாளு ஆஸ்பத்திரியில தனியாத்தான் கெடந்தாருங்க. இன்னும் எதுக்குங்க தனியா நடக்கோணும்?”

சிரித்துவிட்டேன். சோதனை செல்லாது, அடுத்த வாரம் மறுபடியும் போக வேண்டும். கிளம்பும்போது பஸ் வரைக்கும் எல்லோரும் என்னோடும் நடந்து வந்தார்கள். அரூரில் இறங்கிய பிறகு அறை ரொம்ப தூரமாகத் தெரிந்தது.

அத்தையிடம் ஊறுகாயைச் சின்ன பாட்டிலில் போடச் சொல்லுங்கள். ஒருத்திக்கு அது போதும்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது, முடிக்கிறேன். தினமும் ஆறு மணிக்குத்தானே கண்மாய்க் கரையில் நடக்கிறீர்கள்? நானும் அதே நேரத்துக்கு இங்கே கிளம்புகிறேன். கொஞ்சம் மெதுவாக நடங்கள் அப்பா, நான் கூட வர வேண்டும்.

உங்கள் மகள்,
முத்துச்செல்வி