ஏழாவது டைம்டேபிள்

ஜூலை 7, திங்கள்

காலையிலேயே புழுக்கம். மலை உச்சியில் மட்டும் கொஞ்சம் மேகம். புது டைம்டேபிள் அடித்தேன். இது ஏழாவது. ஜெராக்ஸ் கடை வைத்திருப்பதால் வந்த வினை: கலர் பிரிண்ட், லேமினேஷன், நாலு மூலையும் வளைத்து வெட்டு. முந்தைய ஆறும் இப்படித்தான் பளபளவென்று பிறந்து, ஒரு எழுத்துகூட மாற்ற முடியாமல் பரணுக்குப் போயின.

7.30 தமிழ் வாசிப்பு
8.15 டிபன்
9.00 கணக்கு (கடை திறப்பதும் இதே நேரம். எப்படி?)
10.00 ஆங்கிலம்
11.00 சொந்தமாக ஏதாவது, 30 நிமிடம்

கவிதா பார்த்துவிட்டுச் சிரித்தாள். "சொந்தமா ஏதாவதுக்கும் டைம் போட்டுட்டீங்களா?" அவளுக்கு இந்த வாரம் ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி. நர்ஸ் பெண்டாட்டி, கடைக்காரப் புருஷன், நடுவில் வீட்டிலேயே படிக்கும் ஒன்பது வயது மலர். மூன்று பேரும் சேர்ந்து விழித்திருப்பது ஒரு நாளைக்கு நாலு மணி நேரம்கூட இல்லை. அட்டவணை இல்லாமல் எப்படி ஓட்டுவது?

ம.வுக்குப் பேச்சு திக்கும். பள்ளியில் வாசிக்க எழுப்பினால் முதல் சொல்லிலேயே நிற்பாள். "டைம் இல்ல, உக்காரு, அடுத்த ஆளு" என்பாராம் மிஸ். போகப் போக அங்கே வாயே திறப்பதில்லை என்றாகிவிட்டது. மூன்றாம் வகுப்பு பாதியில் நிறுத்தினோம். வீட்டுக்கு வந்த பிறகு எவ்வளவோ தேவலை. ஆனால் இந்தப் பதினைந்து நாளாக மறுபடியும் ஜாஸ்தி. ஏன் என்று தெரியவில்லை. பயமாக இருக்கிறது.

ஜூலை 8, செவ்வாய்

போனில் டைமர் வைத்துப் பாடம். கணக்குக்கு நடுவே ஆதார் ஜெராக்ஸ் மூன்று பேர், பட்டா ஒருவர், மெஷினில் பேப்பர் சிக்கல். ஒரு அம்மா மலரைப் பார்த்து, "இன்னாமா, இஸ்கூலு லீவா?" என்றார். "வீட்லயே படிக்கறா" என்று நான் முந்திக்கொண்டேன். பதில் சொல்ல வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள்.

வாசிப்பில் 'மழை'யின் ம-வில் நின்றாள். எடுத்துக் கொடுத்தேன். அடுத்து நின்றதற்கும் கொடுத்தேன். ஏழு நிமிடம் மிச்சம். நல்ல நாள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் சாப்பிடும்போது அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

வாங்க: ஏ4 இரண்டு பண்டில், துவரம்பருப்பு, பென்சில், க.வின் கால் வலிக்குத் தைலம்.

ஜூலை 10, வியாழன், பௌர்ணமி

மாதா மாதம் இதே கூத்து. பௌர்ணமி என்று ஒன்று வரும் என்பதை மறந்துவிட்டு முழு நாள் பாடம் போட்டு வைக்கிறேன். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன் செய்கிற வேலையா? விடியும்போதே செங்கம் ரோடு நிறைய கிரிவலக் கூட்டம். கடை வாசலில் வரிசையாக ஆட்கள், போன் சார்ஜ் போட, தண்ணீர் கேட்க. ஆட்டோ விடவில்லை. கவிதா டியூட்டி முடித்து நடந்தே வந்து சேர்ந்தபோது மணி பத்து.

மலர் அம்மாவின் காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே பேசினாள். கடைப் பக்கம் நின்று கேட்டேன். எதிர்வீட்டு நாய் குட்டி போட்ட கதை. திக்கியது; ஆனால் நின்று, தாண்டி, போய்க்கொண்டே இருந்தது. கவிதா கண்ணை மூடிக் கிடந்தாள். தூங்கிவிட்டாள் என்றே நினைத்தேன். "ம், அப்புறம்?" என்றாள்.

பிறகு என்னிடம், "ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே? உங்ககிட்டதான் அவளுக்கு ஜாஸ்தி திக்குது."

"என்கிட்டயா? நாள் பூரா கூடவே இருக்கறது நான்தானே?"

"இருக்கீங்க. அவ வாயத் தொறந்ததும் உங்க கண்ணு போனுக்குப் போவுது. வார்த்தைய நீங்களே எடுத்துக் குடுத்துடறீங்க. அந்த மிஸ்ஸு உக்காருன்னாங்க. நீங்க அத மட்டும்தான் சொல்லல."

சுருக்கென்றது. வெளியே வந்து கூட்டத்தோடு கொஞ்ச தூரம் நடந்தேன். முதலில் கவிதா மேல் கோபம். திரும்பும்போது அது இல்லை. பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளையை எடுத்துவிட்டு, பள்ளிக்கூடத்தைக் கொண்டுவந்து வீட்டுக்குள் மாட்டியது நான்தான். மலர், அப்பாவை மன்னித்துவிடு.

ஜூலை 11, வெள்ளி

டைம்டேபிளைக் கிழிக்கப் பார்த்தேன். என் லேமினேஷன் கிழியுமா? அவ்வளவு சுத்தமான வேலை. ம. பிடுங்கிக்கொண்டுபோய் வெள்ளையாக இருந்த பின்பக்கத்தில் மார்க்கரால் நாய்க்குட்டி வரைந்தாள். துடைத்துவிட்டு இன்னொன்று. மொத்தம் ஐந்து குட்டி.

எனக்கு:
போன் டிராயருக்குள்.
சொல் எடுத்துக் கொடுக்கக் கூடாது.
அவளைக் கேட்டால் நான் பதில் சொல்லக் கூடாது.

இரண்டாவதுதான் கஷ்டம். அவள் "தோ... தோ..." என்று நிற்கும்போது 'தோசை' என் நாக்கு நுனியில் குதிக்கிறது. தோசை இல்லை, தோட்டமாம். இதுவரை எத்தனை தோட்டத்தைத் தோசை ஆக்கினேனோ. கணக்குப் பாடம் நடக்கவே இல்லை.

ஜூலை 12, சனி

லேசான தூறல். கவிதா தூக்கம். மதியம் நான் உள்ளே காரக்குழம்பு வைத்துக்கொண்டிருந்தேன். கடையில் மலர் மட்டும். கீழ்பென்னாத்தூர்க்காரர் ஒருவர் ரேஷன் கார்டு ஜெராக்ஸுக்கு வந்தார்.

"அப்பா இல்லியா பாப்பா?"

"அ... அ..."

"வெளிய போயிக்கிறாரா?"

"இ... இல்ல. அ..."

"சீக்கிரம் சொல்லு கண்ணு, பஸ்ஸு பூடும்."

கரண்டியோடு கிளம்பிவிட்டேன். கை கடைக்கும் வீட்டுக்கும் நடுவே தொங்கும் திரைச்சீலையைப் பிடித்துவிட்டது. அப்போது அவள் குரல்.

"வே... வேகமா சொன்னா எனக்கு வராது. கொஞ்சம் நி... நில்லுங்க."

கெஞ்சல் இல்லை, அழுகை இல்லை. கடைக்காரி குரல்.

அவர் பையைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. "சரிம்மா. நீ சொல்லு."

"அப்பா உ... உள்ள கு... குழம்பு வைக்கறாரு. நா... நானே எடுத்துத் தரேன். ரெ... ரெண்டு பக்கமுமா?"

எவ்வளவு நேரம் ஆனதென்று தெரியாது. திரைச்சீலைக்கு இந்தப் பக்கமே நின்றேன், கண்ணைத் துடைக்கக்கூடக் கை எடுக்காமல். குழம்பு அடிப்பிடித்துவிட்டது.